சுமதியின் விண்ணப்பமும் என் சத்தியக் கடதாசியும்

அன்பு மாறாத தவராசாவுக்கு,

இன்று மார்ச் மாதம் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை. நீர் போய் நூற்றுப்பத்து நாட்கள் என்று எழுதுவதா, நூற்றுப்பதினொரு நாட்கள் என்று எழுதுவதா? இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு நாளைப் பற்றியதுதான். அந்த ஒரு நாளினால் உம்முடைய மகள் சுமதிக்குக் கிடைக்கவேண்டிய இடம் கிடைக்காமற் போயிற்று. அதற்குக் காரணமானவன் நான்.

பத்திரிகைக்கு அனுப்பும் கடிதம் என்பதால் உம்மை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளும். நீர் ஸ்காபரோவில் பாண் சுடும் தொழிற்சாலையொன்றில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். நான் ஊரில் நீதிமன்றப் பதிவறையில் நாற்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்து, பின்னர் இங்கு வந்து சேர்ந்தவன். என்னிலும் நான்கு மாதமும் ஒன்பது நாளும் இளையவர் என்ற கணக்கில் என்னை ‘அண்ணை’ என்று அழைத்தீர். அதில் பாதி கேலி என்பது எனக்குத் தெரியும். மீதிப் பாதிக்காகத்தான் நான் இந்த நகரத்தில் பத்தொன்பது வருடம் தனிமையை உணராமல் இருந்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை என்றேன் அல்லவா? செவ்வாய்தோறும் நாம் இருவரும் பஸ் ஏறி நீதிமன்றத்துக்குப் போய், பொதுமக்கள் வாங்கில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய வழக்கைப் பார்ப்போம். ஓய்வுபெற்ற மற்றவர்கள் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்க, நமக்கு அதுதான் பொழுதுபோக்கு. நீர் என் காதுக்குள் கதைப்பதாக நினைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கதைப்பீர்.

“அண்ணை, உவன் அப்புக்காத்து சாட்சியைக் கேள்வி கேக்கிறானோ, சாட்சியிட்டைக் கடன் கேக்கிறானோ?”

“மெதுவாகக் கதையும் காணும். பொலிஸ்காரன் பார்க்கிறான்.”

“பாக்கட்டும். அவனுக்கும் உந்தச் சந்தேகம் இருக்கும். எங்கட சுமதி எழும்பி நிண்டாளெண்டால் உந்த வழக்குப் பத்து நிமிசம்.”

எந்த வழக்கானாலும் கடைசியில் நீர் வந்து சேரும் இடம் அதுதான். கொலை வழக்கானாலும் சுமதிக்குப் பத்து நிமிடம்.

வழக்கறிஞராகும் வாசல்வரை வர அவளுக்கு எத்தனை வருடம் பிடித்தது என்பதை நீர் அறிவீர். வீடு விற்று வாங்கும் பத்திரங்களைத் தயாரிக்கும் அலுவலகமொன்றில் பகல் முழுவதும் வேலை செய்துகொண்டு, லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தை வீட்டிலிருந்தே படித்தாள். பிறகு அந்தப் பட்டம் இந்த நாட்டுக்கு ஏற்குமா என்று ஆராய்ந்தார்கள், மேலதிகமாகச் சில பாடங்கள் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். உரிமம் பெறுவதற்கான இரண்டு பரீட்சைகளிலும் சித்தியடைந்தாள். எஞ்சியிருந்தது பயிற்சி மட்டும். முப்பத்தாறு வயதில், வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தவளைப் பயிலுநராக எடுக்க எந்த அலுவலகமும் முன்வரவில்லை. அதற்குப் பதிலாக வழக்கறிஞர் பயிற்சி நெறியொன்று இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அவள் வந்து சொன்ன நாளில், ரூஜில் உம்முடைய வீட்டுக் குசினிக்குள் நீர் எழும்பி நின்று ‘கனம் கோட்டார் அவர்களே’ என்று தொடங்கியதும், உம் மனைவி மகேஸ் அகப்பையோடு வந்து உம்மை இருத்தியதும் இப்போது ஏன் ஞாபகம் வருகிறது?

விண்ணப்ப முடிவுத் திகதி நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதைப் போலக் கறாரான இன்னொரு விடயமும் இருந்தது. பரீட்சைப் பெறுபேறுகள் மூன்று வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். சுமதியின் பெறுபேறுகள் வரும் ஜூன் மாதத்தோடு காலாவதியாகும். இந்த வருட நெறியில் இடம் கிடைக்காவிட்டால், அவள் இரண்டு பரீட்சைகளையும் திரும்ப எழுதவேண்டும். அந்த ஒக்ரோபர் மாதத்தில்தான் நீர் வைத்தியசாலையில் படுத்தீர்.

நவம்பர் பன்னிரண்டு, புதன்கிழமை. சுமதி உமது கட்டிலருகே மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நிரப்பியாயிற்று, ‘நான் ஏன் வழக்கறிஞராக விரும்புகிறேன்’ என்ற ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. நான் மாலை நான்கு மணிக்கு வந்தேன். “நீ வீட்டை போய் ஆறுதலாய் இருந்து எழுது பிள்ளை. கொப்பரோடை நான் நிக்கிறன்,” என்று சொல்லி அவளை அனுப்பியவன் நான். அதன் பின்னர் நடந்தது உமக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நவம்பர் பதின்மூன்று, வியாழக்கிழமை, அதிகாலை நான்கு மணி ஐம்பது நிமிடத்துக்கு நீர் போனீர். வைத்தியசாலை கொடுத்த பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. சுமதி அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மலர்ச்சாலையில் சவப்பெட்டி தெரிவு செய்துகொண்டிருந்தாள். விண்ணப்பம் அனுப்பப்படவில்லை.

மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பன்னிரண்டாம் திகதி என்று எழுதினேன். நம் சமய முறைப்படி நாள் என்பது சூரிய உதயத்தோடு தொடங்குவது. அன்று இந்த ஊரில் சூரியன் உதித்தது காலை ஏழு மணி ஏழு நிமிடத்துக்கு. ஆகவே நான்கு ஐம்பது என்பது புதன்கிழமையையே சேரும். திதி பார்த்த ஐயரும் அதை ஒப்புக்கொண்டார். மகேஸ் மட்டும் கேட்டாள்.

“அண்ணை, ஆசுப்பத்திரிக் கடதாசியிலை பதின்மூண்டெண்டெல்லோ கிடக்கு?”

“அது வெள்ளைக்காரன்ரை கணக்கு, தங்கச்சி. எங்கட கணக்கு வேறை.”

“எந்தக் கணக்கிலை போனாலும் அவர் போனது போனதுதானே. நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும். போடுங்கோ.”

நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உம்முடைய குடும்பம் முழுவதும் அப்படி என்னை நம்பியது.

குடும்பத்தில் மரணம் நேர்ந்தவர்கள் டிசம்பர் பத்தொன்பது வரை பிந்தி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. மரணப் பத்திரத்தோடு, உறவினரல்லாத ஒருவர் அந்தச் சூழ்நிலையை அறிந்தவராகச் சத்தியக் கடதாசி ஒன்று கொடுக்கவேண்டும். சுமதி வேறு யாரிடம் போவாள்? நாற்பத்தொரு வருடம் சத்தியக் கடதாசிகளுக்குத் திகதி முத்திரை குத்தியவன் ஒருவன் மோர்னிங்சைட்டில் பதினொராவது மாடியில் இருக்கும்போது?

டிசம்பர் நான்கு, வியாழக்கிழமை, ஆணையாளர் ஒருவர் முன்னிலையில் சத்தியம் செய்து ஒப்பமிட்டேன். ‘தவராசா நவம்பர் மாதம் பன்னிரண்டாம் திகதி காலமானார். அன்றைய தினம் நான் அவரது கட்டிலருகே இருந்தேன்.’ கடிதவுறையை ஒட்டாமலே சுமதியிடம் கொடுத்து, ஒருமுறை வாசித்துப்பார்க்கச் சொன்னேன்.

“நீங்கள் எழுதினதை நான் செக் பண்ணுறதோ அங்கிள்? அப்பா இருந்தாரெண்டால் சிரிப்பார்,” என்றாள். அப்படியே ஸ்கான் செய்து அனுப்பினாள். அவளுடைய படிவத்தில் பதின்மூன்று. வைத்தியசாலைப் பத்திரத்தில் பதின்மூன்று. என்னுடைய சத்தியத்தில் பன்னிரண்டு.

இதுவரை நடந்ததை வேண்டுமானால் பழக்கத்தால் வந்த பிழை என்று சொல்லி மன்னித்துவிடலாம். தவம், இனி நடந்ததை எப்படி மன்னிப்பீர்?

ஜனவரி பதினான்கு, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பயிற்சி நெறியின் அனுமதிப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். பணிவான, இளமையான குரல். இரண்டு திகதிகளும் முரண்படுகின்றன, ஐயா தவறுதலாகப் பன்னிரண்டு என்று எழுதிவிட்டீர்களா என்று கேட்டார். திருத்திய கடதாசி ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் போதும், விண்ணப்பதாரி மற்ற எல்லாவற்றிலும் தகுதியானவர் என்றும் சொன்னார். அதைவிட வெளிப்படையாக ஒரு மனிதர் கதவைத் திறந்துவிட முடியாது.

நான் என்ன செய்தேன்? தவறு எதுவும் இல்லை என்றேன். நாள் எப்போது தொடங்குகிறது என்று அந்தப் பெண்ணுக்கு என் ஆங்கிலத்தில் பதினேழு நிமிடம் விளக்கினேன். சேவைக்காலத்தில் ஒரு திகதியைக்கூட நான் பிழையாக எழுதியதில்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் உங்கள் திகதியில் நீங்கள் உறுதியாக இருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். குறித்துக்கொள்ளும்படி சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகு தேநீர் போட்டுக் குடித்தேன். சுமதிக்கு அறிவிக்கவில்லை. வியாழன் கழிந்தது. வெள்ளியும் கழிந்தது.

நம் செவ்வாய்க்கிழமைகளில் எத்தனை சாட்சிகளைப் பார்த்திருப்போம்? கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல், கேட்காத கேள்விக்கு நீளமாக விளக்கம் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று நீர்தான் எனக்குச் சொல்லித் தந்தீர். அன்று அந்த வாங்கில் நீர் உட்கார்ந்திருந்தால், “அண்ணை, ஆள் புளுகிறான்,” என்று மண்டபம் கேட்கச் சொல்லியிருப்பீர்.

ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை, சுமதிக்கு மின்னஞ்சல் வந்தது. சத்தியத்தின் கீழ் வழங்கப்பட்ட ஆவணம் வைத்தியசாலைப் பத்திரத்தோடு முரண்படுவதாலும், அந்த முரண்பாடு தீர்க்கப்படாததாலும், பிந்திய விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. நான்கு வரி. யார் தீர்க்கவில்லை என்று அதில் இல்லை. அவள் தன்னையே நொந்துகொண்டாள். ஒரு தாளை வாசித்துப் பார்க்காமல் அனுப்பினவளுக்கு எதற்கு இந்தத் தொழில் என்று தாயிடம் சொன்னாளாம். மகேஸ் அதை எனக்குத் தொலைபேசியில் சொல்லி அழுதாள். நான் ‘ஓம் தங்கச்சி, ஓம் தங்கச்சி’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது நாட்கள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன், தவம்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

சுமதி போன பிறகு நீர் கண்ணை மூடியபடி கிடந்தீர். ஆறரைக்குக் கண்ணைத் திறந்து, என் மணிக்கட்டைப் பிடித்தீர். “அண்ணை, இண்டைக்கு நில்லுங்கோவன்,” என்றீர். கேலியில்லாத அண்ணை. இரவில் ஒருவர் தங்கலாம், சாய்கதிரை இருக்கிறது என்று தாதியும் சொன்னார். நான் எட்டு மணிக்குச் சாப்பிட்டு, எட்டரைக்கு மாத்திரை போட்டு, ஒன்பதுக்குப் படுப்பவன். வருடக்கணக்காக அந்த ஒழுங்கு மாறியதில்லை. “நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு இஞ்சை நிப்பன்,” என்று சொல்லிக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு, ஏழு பத்துக்கு வெளியேறினேன். சொன்ன நேரத்துக்கு, காலை எட்டு மணிக்கு வந்தேன். கட்டில் விரிப்பு மாற்றப்பட்டிருந்தது.

சுமதி அங்கே நின்றாள். “நீங்கள் நிண்டனீங்கள்தானே அங்கிள்?” என்று கேட்டாள். “நேற்று நிண்டனான் பிள்ளை. தாதி போகச் சொல்லிப்போட்டா,” என்றேன். தாதி அப்படிச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் திகதி நான் உம்மோடு இருந்தேன். பதின்மூன்றாம் திகதி நான் என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன். சூரிய உதயக் கணக்கு முழுவதும் அதற்காகத்தான். நீர் பன்னிரண்டாம் திகதி போனவர் என்றால், நீர் போன நாளில் நான் உம்மருகே இருந்தவன் ஆவேன். அறிவித்தலிலும் ஐயரிடமும் ஆணையாளர் முன்னிலையிலும் நான் காப்பாற்றியது அதைத்தான். அந்தப் பெண்ணிடம் ‘பிழை’ என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அது கையை விட்டுப் போயிருக்கும். அதனால் உம்முடைய மகளைக் கைவிட்டேன்.

நேற்று முன்தினம், மார்ச் முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு ரூஜுக்குப் போனேன். இருவரையும் இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் தொலைபேசி அழைப்பு. சுமதி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே அங்கிள்,” என்றாள். “நான் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பன். இருபது நிமிச வேலை.”

“ஓம் பிள்ளை.”

“நீங்கள் சரியெண்டு சொல்லிக்கொண்டு, கீழை சின்னனாய்ப் பதின்மூண்டெண்டு எழுதியிருந்தாலும் காணும். சண்டை பிடிச்சுக்கொண்டாவது எழுதியிருக்கலாம்.”

“ஓம்.”

மறுபரிசீலனைக்கு மார்ச் முப்பத்தொன்று வரை காலம் இருக்கிறது, புதிய கடதாசியோடு மனுச் செய்யலாம் என்றேன். தலையை அசைத்தாள். இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று சென்ற கிழமை அறிவித்திருக்கிறார்களாம். பரீட்சைகளைத் திரும்ப எழுதுவாயா என்று கேட்டேன். “தெரியேல்லை. நாளைக்கு மூண்டு வீடு குளோசிங் இருக்கு,” என்றாள். பதினொரு வருடமாகச் செய்துவரும் அந்த வேலையைப் பற்றி, வேறெதுவும் இனி இல்லை என்பதுபோல அவள் பேசியதை நான் அன்றுதான் கேட்டேன்.

பிறகு புதன்கிழமை மாலையைப் பற்றிச் சொன்னேன். ஏழு பத்து என்றேன். சாய்கதிரை இருந்தது என்றேன். நீர் நில்லுங்கோ என்று கேட்டதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ? சுமதி எழும்பி மேல்மாடிக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

“இரா முழுக்க அவர் தனியவோ கிடந்தவர்?” என்று மகேஸ் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். “நீங்கள் நிக்கிறியள் எண்டுதான் அவள் வந்தவள், அண்ணை. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு படுத்தனான்.” அதன் பின்னர் என் மேலங்கியை எடுத்துக்கொண்டு வந்து, நான் கைகளை நுழைக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். “கொஞ்ச நாளைக்கு இஞ்சாலை வராதேங்கோ. எப்ப வரலாமெண்டு நானே சொல்லுறன்.” குரலில் கடுமை இல்லை. அவளால் கடுமையாகப் பேச முடியாது என்பது உமக்குத் தெரியும். பஸ் தரிப்பில் நின்றபோதுதான் பித்தான்களைப் பிழையாகப் பூட்டியிருப்பதைக் கண்டேன். அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

இதைப் பத்திரிகையில் போடுவதால் யாருக்கு என்ன பயன் என்று ஆசிரியர் கேட்கக்கூடும். சுமதி கவனக்குறைவானவள் என்று அவளுடைய அலுவலகத்திலும், கோயிலிலும், உறவினர் வீடுகளிலும் ஒரு கதை உலாவுகிறது. அவள் ஒரு முதியவரை நம்பினாள், அவ்வளவுதான் அவள் செய்தது. அதை நான் எழுத்தில் தரவேண்டும். அது அவளுக்கு இடத்தைத் திருப்பித் தராது. நீர் எழும்பி நின்று தொடங்கிவைத்த அந்த வாதத்தை அவள் என்றாவது தொடர்வாளா என்று எனக்குத் தெரியாது. தொடரமாட்டாள் என்றே இன்று தோன்றுகிறது. எழுபத்தெட்டு வயதில் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரேயொரு காரியம் அது, அதை நானே முறித்துவிட்டேன்.

நாளை மறுநாள், மார்ச் ஐந்து, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு அதே ஆணையாளர் முன்னிலையில் புதிய சத்தியக் கடதாசி ஒன்றில் ஒப்பமிடுவேன் என்று உமக்கு வாக்களிக்கிறேன். விளக்கம் எதுவும் இராது. ‘தவராசா பதின்மூன்றாம் திகதி காலமானார். நான் முன்னர் எழுதியது பிழை. அவர் காலமானபோது நான் அங்கிருக்கவில்லை.’ மூன்று வசனங்கள். அதை ரூஜுக்குக் கொண்டுபோய், மணியை அடிக்காமல், தபாற்பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பி வருவேன். அவள் அதை மனுவோடு அனுப்பினாலும் சரி, கிழித்துப்போட்டாலும் சரி, அது அவளுடைய உரிமை.

இப்படிக்கு,
நில்லுங்கோ என்று நீர் கேட்டும் நிற்காத,
உம் அண்ணை
சி. கனகசபாபதி
மோர்னிங்சைட், ஸ்காபரோ